எஸ் ஏன் நாலே நாலு?

1930களின் பொருளாதார மந்தத்தில் நியூயார்க்கில் வேலை இழந்த கட்டடக் கலைஞர்களில் ஆல்ஃபிரெட் பட்ஸும் ஒருவர். சொற்களை வைத்து ஒரு விளையாட்டு செய்யலாம் என்று இறங்கியவர், செய்தித்தாளின் முதல் பக்கத்தை விரித்துவைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணத் தொடங்கினார். அந்த விளையாட்டான ஸ்கிராபிளின் பெட்டியிலுள்ள 100 எழுத்து வில்லைகளில் 'ஈ' பன்னிரண்டு, 'கியூ' ஒன்றே ஒன்று என்ற கணக்கு அப்படிப் பிறந்ததுதான்.

'எஸ்' மட்டும் அந்தக் கணக்கில் அடங்கவில்லை. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் எழுத்து அது. பெட்டியிலோ நாலே நாலு. கூட இருந்தால், எதிராளி வைத்த சொல்லின் வாலில் ஒரு எஸ்ஸை ஒட்டிப் பன்மையாக்கி, சும்மா மதிப்பெண் அள்ளிவிடலாம். அதனால் பட்ஸ் கையை இறுக்கினார். எண்ணிக்கை ஒன்று சொல்ல, ஆட்டம் வேறொன்று கேட்க, அவர் ஆட்டத்தின் பக்கம் நின்றார். பலகை விளையாட்டு வடிவமைக்க வருகிறவர் முதலில் பழக வேண்டியது இந்த இரண்டையும்தான்: எண்ணுவதும், ஆடவைத்துப் பார்ப்பதும்.

எண்ணுவதற்கு இன்னொரு நல்ல பாடம் 'கட்டான்' என்ற பலகை விளையாட்டு. ஜெர்மனியில் பல் செட் செய்யும் தொழிலில் இருந்த கிளாஸ் டாய்பர் 1995இல் வெளியிட்டது. இரண்டு பகடைகளை உருட்டினால் 36 விதமாக விழலாம். அதில் 2 ஒரே விதத்தில் வரும். 6 ஐந்து விதங்களில். 7 ஆறு விதங்களில். கட்டான் இந்தக் கணக்கை ஒளித்துவைப்பதில்லை. பகடையில் தன் எண் விழுந்தால் விளையும் ஒவ்வொரு நிலத்தின் எண்ணுக்குக் கீழேயும் அது புள்ளிகளாக இருக்கிறது: 6க்கு ஐந்து, 2க்கு ஒன்று. எங்கே வீடு கட்டினால் விளைச்சல் அதிகம் என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். எந்த நிலத்துக்கும் இல்லாத எண் 7. அது விழுந்தால் திருடன் வருவான். ஏழு சீட்டுக்கு மேல் பதுக்கியவர் பாதியை இழப்பார். அதிகம் விழும் எண்ணையே ஆபத்தாக்கியது கெட்டிக்காரத்தனம்.

ஆடவைத்துப் பார்ப்பதுதான் கடினம். அதற்கு அச்சடித்த அட்டையும் அழகான படங்களும் தேவையில்லை. பழைய காலண்டர் அட்டை, சோழி, புளியங்கொட்டை போதும். படம் வரைந்து முடித்த விளையாட்டில் ஒரு விதியை வெட்ட யாருக்கும் மனம் வராது. வீட்டார் எப்படியும் "நல்லாயிருக்கு" என்பார்கள். அந்தச் சான்றிதழை நம்பக் கூடாது. அறிமுகமில்லாத நால்வரிடம் விதித்தாளைக் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு ஓரமாக உட்கார வேண்டும். எந்த இடத்தில் விதித்தாளைத் திரும்பப் புரட்டுகிறார்கள், யார் எப்போது கைபேசியை எடுக்கிறார் என்று குறித்துக்கொண்டால், அடுத்து எதைத் திருத்துவது என்று தெரிந்துவிடும். வடிவமைப்பவர் குறுக்கே விழுந்து விளக்கினால் சோதனையே வீண்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பார்ப்பதும் நல்ல பயிற்சி. நம் ஆடுபுலி ஆட்டமே போதும்: 3 புலி, 15 ஆடு. புலியை நான்காக்கி ஒரு மாலை முழுக்க ஆடுங்கள். மறுநாள் மூன்றுக்கே திரும்பி, ஆட்டில் இரண்டைக் குறையுங்கள். சமமற்ற இரு தரப்பைச் சமமாக மோதவிடுவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது விளங்கும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்ஸின் விளையாட்டைப் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். 1948இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் கையில் எடுத்த பிறகே அது ஸ்கிராபிள் ஆனது. மோனோபொலிக்கு மூலமான விளையாட்டுக்கு 1904இல் காப்புரிமை பெற்ற லிஸ்ஸி மேகிக்குக் கிடைத்தது 500 டாலர்.

தமிழில் செய்ய நினைப்பவருக்குப் பட்ஸுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. எழுத்துகள் 247. ஒவ்வொன்றுக்கும் ஒரு வில்லையா, மெய்யும் உயிரும் தனித்தனி வில்லையா? நாளைக் காலை நாளிதழ் வந்ததும் முதல் பக்கத்தை எடுத்து எண்ணத் தொடங்குங்கள்.