அத்திரியும் கோவேறு கழுதையும்: சொல், சவாரி, சுமை – போடி, தேவாரம் மலைச்சரிவுகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

குதிரையும் கழுதையும் கூடிப் பிறக்கும் கலப்பு விலங்கைச் சங்க இலக்கியம் ‘அத்திரி’ என்றும் பிற்காலத் தமிழ் ‘கோவேறு கழுதை’ என்றும் வழங்குகின்றன. அரசர் ஏறிச்செல்லும் ஊர்தி எனப் பொருள்தரும் பெயரைத் தாங்கிய இவ்விலங்கு இன்று பெரும்பாலும் பொதி சுமப்பதாகவே அறியப்படுகிறது. இக்கட்டுரை அவ்விலங்கின் பெயர் வரலாற்றையும் உயிரியல் இயல்பையும் சவாரித் தன்மையையும் விளக்குகிறது. போடிநாயக்கனூர், தேவாரம் ஆகிய ஊர்களின் மேற்கே உள்ள ஏலமலைச் சரிவுகளில் பொதி விலங்குகளின் தேவை எவ்வாறு அமைகிறது என்பதையும், பெயர்க்குழப்பம் சட்டத்தின்வழி அவற்றின் முதுகில் ஏறும் எடையை எவ்வாறு பாதிக்கக்கூடும் என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அத்திரி, கோவேறு கழுதை, மட்டக்குதிரை, பொதி, ஏலமலை, போடிநாயக்கனூர், தேவாரம்

முன்னுரை

தேனி மாவட்டத்தின் மேற்கு எல்லை மலையால் ஆனது. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டையூசி வளைவுகளுடன் தார்ச்சாலை ஏறுகிறது. உத்தமபாளையம் வட்டத்தைச் சேர்ந்த தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டுக்கு நடைபாதையே வழி. அதனைச் சாலையாக்க வேண்டும் என்பது அப்பகுதி மக்களின் நெடுநாள் கோரிக்கை. தார்ச்சாலை முடியும் இடத்தில் பொதி விலங்கின் பணி தொடங்குகிறது. ஏலம், காப்பி, மிளகு ஆகியன கீழிறங்கவும், அரிசியும் உரமும் மேலேறவும் நான்கு கால்களே துணை. தேர்தல் காலத்தில் சாலையற்ற மலைக்கிராமங்களுக்கு வாக்குப்பதிவு எந்திரங்கள் செல்வதும் இவ்விலங்குகளின் முதுகில்தான்.

அவ்வேளைகளில் வெளிவரும் செய்திகளில் இவ்விலங்குகள் குதிரை, கழுதை, கோவேறு கழுதை என மாறிமாறிக் குறிக்கப்படுகின்றன. இவை மூன்றும் ஒன்றல்ல. உடலமைப்பிலும் நடையிலும் சுமைத்திறனிலும் வேறுபட்டவை. எனவே எந்த விலங்கு எப்பெயருக்குரியது என்பதை வரையறுப்பது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதில்லை.

இலக்கியத்தில் இரு விலங்குகள்

சங்கப் பாடல்களில் கழுதையும் அத்திரியும் வெவ்வேறு சூழல்களில் வருகின்றன. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், மிளகுப் பொதி சுமந்து சுங்கம் கொள்ளும் பெருவழியில் செல்லும் கழுதைச் சாத்தினைக் காட்டுகிறார். அக்கழுதைகளின் முதுகில் சுமையின் வடு நிலைத்திருப்பதையும் அவர் கண்டு கூறுகிறார். நறுமணப்பொருள் வணிகத்தின் மிகப்பழைய தமிழ்ச் சித்திரங்களுள் ஒன்றான இதில், வணிகரின் செல்வத்தோடு விலங்கின் புண்ணும் பதிவாகியிருத்தல் குறிப்பிடத்தக்கது. புறநானூற்றின் 15ஆம் பாடலில் பகைவர் நிலத்தைப் பாழ்படுத்த ஏரில் பூட்டப்படுவதும் கழுதையே. ஆகக் கழுதை, சுமைக்கும் இழிவுக்கும் உரிய விலங்காகவே அப்பாடல்களில் நிற்கிறது.

அத்திரியின் இடம் வேறு. அது பெரும்பாலும் நெய்தல் நிலத்துச் செல்வத் தலைவனின் ஊர்தியாக வருகிறது. நற்றிணை 278இல் கழியின் சேற்றைக் கடந்துவந்த அத்திரியின் குளம்பில் இறால் சிக்கிக்கிடக்கிறது. அகநானூறு 120இல் கழியில் வாழும் சுறா தாக்கியதால் அத்திரியின் கால் புண்படுகிறது. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் கோவலன் அத்திரியில் ஏறியும் மாதவி வையத்தில் ஏறியும் கடற்கரைக்குச் செல்கின்றனர். புகார் நகரத்து வணிகப் பெருங்குடி மகன் ஒருவன் விழாநாளில் விரும்பி ஏறிய ஊர்தி அது என்பது இதனால் பெறப்படும்.

இக்குறிப்புகள் ஒரு நடைமுறை உண்மையோடு பொருந்துகின்றன. சேறும் நீரும் வழுக்கலும் நிறைந்த கழிநிலம் உயரமான குதிரைக்கு ஏற்ற தரையன்று. குறுகிய கடினமான குளம்பும், அடியை அளந்து வைக்கும் இயல்பும் கொண்ட கலப்பு விலங்கே அங்குப் பொருத்தமானது. கழியில் சிறந்த அதே கால், மலைச்சரிவிலும் சிறப்பதில் வியப்பில்லை.

பெயர்களின் வழி

‘அத்திரி’ என்பதனை வடமொழி ‘அசுவதரி’ என்பதோடு தொடர்புபடுத்துவர். அகராதிகள் இச்சொல்லுக்குக் கோவேறு கழுதை என்பதோடு ஒட்டகம் என்ற பொருளையும் தருவதால், பாடல் சூழலை நோக்கியே பொருள் தெளிய வேண்டியுள்ளது. ‘வேசரி’ என்பதும் இவ்விலங்கின் மற்றொரு பெயர்.

‘கோவேறு கழுதை’ என்பதனைக் கோ + ஏறு + கழுதை எனப் பிரித்து, அரசன் ஏறும் கழுதை எனப் பொருள் கொள்வது வழக்கம். பிற பண்பாடுகளிலும் இதற்கு இணையுண்டு. தாவீது அரசனின் கோவேறு கழுதையில் சாலொமோனை ஏற்றிச்சென்று முடிசூட்டும் நிகழ்ச்சி விவிலியத்தில் இடம்பெறுகிறது. தமிழ் விவிலியம் அவ்விடத்தில் இச்சொல்லையே ஆள்கிறது. ஆனால் தற்காலத் தமிழில் இப்பெயரின் அரசத் தொடர்பு மங்கிவிட்டது. புதிரை வண்ணார் வாழ்வைக் கூறும் இமையத்தின் நாவல் 1994இல் ‘கோவேறு கழுதைகள்’ என்னும் தலைப்பில் வெளிவந்தபோது, அச்சொல் ஓயாத சுமையின் குறியீடாகவே வாசகரைச் சென்றடைந்தது. ஏறுவோனின் பெருமையைச் சொன்ன பெயர், சுமப்போரின் துயரைச் சொல்லும் பெயராக மாறிய வரலாறு இது.

இனக்கலப்பும் உயிரினக் கலப்பும்

குதிரை வளர்ப்பில் ‘கலப்பு’ என்னும் சொல் இரு வேறு நிகழ்வுகளைக் குறிக்கிறது. ஒன்று, குதிரையினத்துள் நிகழும் கலப்பு. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் மார்வாரி, கத்தியவாரி முதலிய குதிரைகள் விற்பனைக்கு வருகின்றன. உள்நோக்கி வளைந்த காதுகள் இவ்விரு இனங்களின் அடையாளம். இவற்றைப் பிற குதிரை இனங்களோடு கலந்து பெறும் குட்டிகள் இனப்பெருக்கத் திறன் உடையவை.

மற்றொன்று, குதிரைக்கும் கழுதைக்கும் இடையே நிகழும் கலப்பு. குதிரையின் குரோமோசோம்கள் 64; கழுதையின் குரோமோசோம்கள் 62. இவற்றின் கலப்பில் பிறக்கும் குட்டி 63 குரோமோசோம்களைப் பெறுகிறது. இணைசேர இயலாத இவ்வெண்ணிக்கையால் இனப்பெருக்க உயிரணுக்கள் முறையாக உருவாவதில்லை. பெண் விலங்கு ஈன்றதாக உலக அளவில் மிக அரிதான பதிவுகள் உண்டெனினும், பொதுவில் இவ்விலங்கு மலடு. ஆகவே ஒவ்வொரு கோவேறு கழுதையும் புதிதாகவே உருவாக்கப்பட வேண்டும். அதற்குத் தன் வழித்தோன்றல் இல்லை.

ஆண் கழுதையும் பெண் குதிரையும் கூடிப் பிறப்பதே கோவேறு கழுதை. ஆண் குதிரையும் பெண் கழுதையும் கூடிப் பிறக்கும் விலங்கு அரிது. பெரும்பாலும் உருவில் சிறியது. பொதுத்தமிழ் வழக்கு இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. கோவேறு கழுதையின் உடலளவைத் தாய்க்குதிரையின் அளவு பெரிதும் தீர்மானிக்கிறது. மட்டக்குதிரை ஈன்ற கோவேறு கழுதையும் பெரிய குதிரை ஈன்ற கோவேறு கழுதையும் ஒரே பெயரைப் பெறினும் ஒரே வலிமை உடையன அல்ல. தந்தையின் பங்கும் முக்கியமானது. அரியானா மாநிலம் ஹிசாரில் 1985இல் தொடங்கப்பட்ட தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம், உயர்தரக் கோவேறு கழுதைகளைப் பெறுவதற்காகப் பிரான்சு நாட்டின் புவாத்து இனப் பெரிய கழுதைகளை வரவழைத்தது. இந்தியப் படையின் மலைப்பகுதிப் போக்குவரத்தே இம்முயற்சிக்கான முதன்மைத் தேவை.

சவாரியின் இயல்பு

குதிரையில் பழகியவர் கோவேறு கழுதையில் ஏறும்போது உணரும் முதல் வேறுபாடு, சேணத்தின் நிலை. குதிரைக்குத் தோள்களின் மேல் உயர்ந்து நிற்கும் திமில்மேடு சேணத்தைத் தடுத்து நிறுத்தும். கோவேறு கழுதைக்கு அம்மேடு தாழ்ந்தது, உடலும் குறுகலானது. எனவே இறக்கத்தில் சேணம் கழுத்தை நோக்கி நழுவும். அதனைத் தடுக்க வாலின் அடியில் செல்லும் வாரும், பின்தொடையைச் சுற்றிய பட்டையும் தேவை. ஏற்றத்தில் சேணம் பின்னோக்கிச் செல்லாதிருக்க மார்ப்பட்டை வேண்டும். இவை சரியாக அமையாதபோது உராய்வினால் முதுகிலும் வாலடியிலும் புண் உண்டாகும். பெரும்பாணாற்றுப்படை காட்டும் வடுவின் காரணமும் இத்தகையதே.

இரண்டாவது வேறுபாடு, நடை. இதன் தோள் செங்குத்தானது, அடி குறுகியது. ஓட்டத்தில் குதிரையின் நீண்ட தாவலை இதனிடம் எதிர்பார்க்க இயலாது. மார்வாரிக் குதிரையிடம் காணப்படும் ‘ரேவால்’ என்னும் குலுங்காத நடைக்குச் சமவெளிச் சவாரியில் பெருமதிப்புண்டு. கோவேறு கழுதையின் சிறப்போ நடையின் சீர்மையில் உள்ளது. கற்கள் நிறைந்த ஒற்றையடிப் பாதையிலும் அதன் வேகம் பெரிதும் மாறுவதில்லை. ஏறியிருப்பவரின் இடுப்பு அதிர்வதும் குறைவு.

மூன்றாவது, அதன் மனப்போக்கு. அஞ்சும்போது குதிரை பெரும்பாலும் ஓட முயலும்; கோவேறு கழுதை பெரும்பாலும் நின்றுவிடும். கடிவாளத்தை ஒருபுறம் இழுத்தால் கழுத்தை மட்டும் வளைத்துக்கொண்டு, உடலை நேரே செலுத்தும். இதனைப் பிடிவாதம் என்பது வழக்கு. ஆனால் உறுதியற்ற கல்லின்மீது கால்வைக்க மறுப்பது, விலங்கு தன்னையும் தன்மீது இருப்பவரையும் காத்துக்கொள்ளும் செயலே. 1835இல் ஆண்டீசு மலைத்தொடரைக் கோவேறு கழுதைகளின் துணையுடன் கடந்த சார்லசு டார்வின், இக்கலப்பு விலங்கு அறிவிலும் உறுதியிலும் தன் பெற்றோர் இருவரையும் விஞ்சுவதைக் கண்டு வியந்து எழுதினார்.

பொதி சுமந்து பழகிய விலங்கு மனிதரைச் சுமக்கும்போதும் பாதையின் பள்ளத்துப் பக்க ஓரத்திலேயே நடக்கும். மலைச்சுவரில் பொதி உரசாமல் காக்கும் பழக்கம் அது. புதிதாக ஏறியவருக்கு அச்சம் தரும் இந்நடை, விலங்கு கற்ற தொழிலின் எச்சமாகும்.

மலைச்சரிவின் தேவை

இம்மலைகளில் விலங்கைத் தவிர்க்கும் முயற்சிகள் நூறாண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்தன. மூணாற்றுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை வழியே டாப் ஸ்டேஷனை அடைந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கோட்டகுடிக்கு இறக்கப்பட்டுப் போடிக்குச் சென்றது. 1908இல் இயங்கத் தொடங்கிய அந்த இருப்புப்பாதையை 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அழித்தது. எந்திரப் பாதை அழிந்தபின்னும் விலங்கு ஏறும் பாதை நிலைத்தது. இன்று போடியில் இந்திய நறுமணப்பொருள் வாரியத்தின் மின்னணு ஏலமையம் இயங்குகிறது. தோட்டத்திலிருந்து சாலை வரையிலான தொலைவில் சில இடங்களில் மனிதத் தலையும் விலங்கின் முதுகுமே இன்றும் ஊர்தி.

எடையும் பெயரும்

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட, இழுவை மற்றும் பொதி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகள் பொதியின் உச்ச எடையை விலங்குவாரியாக வரையறுக்கின்றன. கழுதைக்கு 50 கிலோ, மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ என்பன அவ்வளவுகள். நாளொன்றுக்கு ஒன்பது மணிநேரத்திற்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணிநேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது என்பதும் விதி.

இங்கு இரு சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது, பெயர். சிறிய மட்டக்குதிரை ஒன்று கோவேறு கழுதை எனக் கொள்ளப்பட்டால் அதன் சட்டப்பூர்வச் சுமை 70 கிலோவிலிருந்து 200 கிலோவாக உயர்ந்துவிடும். காதின் நீளம், வாலடியின் மயிரடர்த்தி, குளம்பின் குறுக்கம் ஆகிய அடையாளங்களால் இவற்றை வேறுபடுத்த இயலும்; ஆயினும் பேச்சுவழக்கு அவ்வேறுபாட்டைப் பேணுவதில்லை. இரண்டாவது, அளவு. அதே விதிகள் காளையைச் சிறியது, நடுத்தரமானது, பெரியது எனப் பகுத்து வெவ்வேறு எடைகளைத் தருகின்றன. கோவேறு கழுதைக்கு அப்பகுப்பு இல்லை. தாயின் அளவைப் பொறுத்துப் பெரிதும் வேறுபடும் விலங்குக்கு ஒரே உச்ச எடை விதிக்கப்பட்டிருப்பது, சிறிய விலங்கிற்குப் பாதுகாப்பாக அமையாது. சாக்குலூத்து மெட்டு போன்ற செங்குத்தான பாதைகளில் இக்குறை மேலும் பொருள்படும்.

முடிவுரை

சங்கப் பாடல்களில் அத்திரி ஏறுவோருக்கும் தேருக்கும், கழுதை சுமைக்கும் உரியனவாக இருந்தன. பிற்காலத்தில் கோவேறு கழுதை என்னும் பெயரில் ஊர்தியின் பெருமை நிலைக்க, வாழ்வில் சுமையே மிஞ்சியது. சவாரிக்கு ஏற்றதாக்கிய அதே பண்புகளே, அதாவது கடிய குளம்பும் அளந்த அடியும் நிதானமும், அதனை மலைப்பொதிக்கும் உரியதாக்கின. இவ்விலங்கைக் குதிரை என்றோ கழுதை என்றோ பொதுப்படச் சுட்டுவது சொற்பிழையோடு முடிவதில்லை. அப்பிழையின் எடை விலங்கின் முதுகில் ஏறுகிறது. மலைப்பகுதி வழக்குச் சொற்களைத் தொகுக்கும் களஆய்வுகள் பொதி விலங்குகளின் பெயர்களையும், சேணம், வார் முதலிய கருவிகளின் பெயர்களையும் தனியே பதிவுசெய்தல் வேண்டும். உடலளவின்படி சுமையைப் பகுக்கும் விதித்திருத்தத்திற்கு அத்தகைய பதிவு அடிப்படையாகும்.