கொம்பை அரத்தால் தேய்ப்பவன்

புரூக்ளின் பாலத்துக்கு அருகே ஒரு தெரு. இளவரசன் நுவாடா விட்டெறிந்த சிறு விதை தண்ணீரைத் தேடி ஓடுகிறது. ஈரம் பட்டதுதான் தாமதம், கட்டட உயரத்துக்கு எழுந்து நிற்கிறது ஒரு வனபூதம். கார்கள் பறக்கின்றன. ஒரு கையில் யாரோ பெற்ற குழந்தை, மறு கையில் பெரிய துப்பாக்கி என்று அதன் எதிரே நிற்கிறான் ஹெல்பாய். சிவந்த உடம்பு, வால், நெற்றியில் ஒட்ட வெட்டிய கொம்புகளின் அடித்தண்டு. சுடப்போகும் நேரத்தில் நுவாடா ஒன்றைச் சொல்கிறான்: இந்த இனத்தில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். ஹெல்பாய் தயங்குகிறான். பிறகு சுடுகிறான்.

பூதத்தின் ரத்தம் தொட்ட இடமெல்லாம் பாசி படர்கிறது, பூ மலர்கிறது. காப்பாற்றிய குழந்தையைக் கொடுக்கப் போனால், அதை என்ன செய்தாய் என்று தாய் பதறிப் பிடுங்கிக்கொள்கிறாள். கூட்டத்திலிருந்து ஒரு கல் பறந்து வருகிறது.

கியெர்மோ டெல் டோரோ இயக்கி 2008-இல் வெளிவந்த 'ஹெல்பாய் 2: த கோல்டன் ஆர்மி' படத்தின் உயிர் இந்தக் காட்சியில் இருக்கிறது. சூப்பர் ஹீரோ படங்களில் நாயகன் வென்றால் நாம் கைதட்டுவோம். இங்கே அவன் வெல்லும்போது நெஞ்சு கனக்கிறது.

யார் இந்த ஹெல்பாய்? மைக் மிக்னோலா உருவாக்கிய காமிக்ஸ் பாத்திரம். முதல் தொடர் 1994-இல் வந்தது. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் காலத்தில் நாஜிகள் நடத்திய மாந்திரீகச் சடங்கில் நரகத்திலிருந்து வந்து விழுந்த குட்டி. பேராசிரியர் புரூம் அவனை மகனாக வளர்க்கிறார். வளர்ந்தபின் அமெரிக்க அரசின் ரகசியப் பிரிவில் அமானுஷ்யங்களை விரட்டும் வேலை. வலது கை கல். உலகை அழிக்கவே அந்தக் கை என்பது விதி. அவனுக்கோ பூனைகளும் பீரும் சுருட்டும் போதும். மனிதர்களோடு ஒத்துப்போக வேண்டும் என்று கொம்பை அரத்தால் தேய்த்துக்கொள்கிறான்.

2004-இல் வந்த முதல் படம், இவன் உலகை அழிப்பானா என்று கேட்டது. இரண்டாம் படம் கேள்வியைத் திருப்பிப் போடுகிறது: உலகம் இவனை ஏற்குமா? தொடர்ச்சிப் படம் என்றால் பெரிய வில்லன், பெரிய வெடி என்றே பழகிய நமக்கு இந்தத் திருப்பம் அரிது.

வில்லன் நுவாடாவின் பக்கமும் நியாயம் இருக்கிறது. காடு நுவாடாவின் இனமான எல்ஃப்களுக்கு, நகரம் மனிதர்களுக்கு என்பது பழைய உடன்படிக்கை. மனிதர்கள் அதை மீறிக் காட்டை விழுங்கிவிட்டார்கள். அதனால்தான் எழுபது எழுபதாக 4,900 இயந்திர வீரர்கள் கொண்ட பொற்படையை அவன் எழுப்பத் துடிக்கிறான். தடுக்கும் தந்தை பாலோரைக் கொன்றுவிடுகிறான். ஐரிஷ் தொன்மம் அறிந்தவர்கள் இங்கே நிமிர்ந்து உட்காரலாம். அங்கே நுவாடா, போரில் கையிழந்து வெள்ளிக் கை பொருத்திக்கொண்ட மன்னன். பாலோர், பார்வையாலேயே கொல்லும் எதிரி. பாலோர் கையில்தான் நுவாடா மடிகிறான். டெல் டோரோ பகைவர் இருவரையும் தந்தையும் மகனுமாக்கி, ஒற்றைக் கையையும் பாலோருக்கு மாற்றிக் கொடுத்து, கொலையையும் தலைகீழாக்கிவிட்டார்.

இந்தப் படத்துக்கு இரண்டு ஆண்டு முன்பு, 2006-இல் வந்த அவருடைய 'பான்ஸ் லாபிரிந்த்' மூன்று ஆஸ்கர்களை வென்றிருந்தது. அதில் உள்ளங்கையில் கண் வைத்த பூதமாக வந்த டக் ஜோன்ஸ், இங்கே சிறகெங்கும் கண்கள் கொண்ட மரண தேவதையாக வருகிறார். மீன்மனிதன் ஏப் சேப்பியனும் அவரே. கணினி வரைகலையை அளவோடு வைத்துக்கொண்டு, ரப்பர் தோலும் ஒப்பனையும் இயந்திர பொம்மைகளுமாக ஹங்கேரியில் எடுத்த படம் இது. பாலத்தடியில் விரியும் பூதச் சந்தையை எத்தனை முறை பார்த்தாலும் ஒரு புது முகம் கண்ணில் படும். அந்த உழைப்புக்கு ஒப்பனைப் பிரிவில் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

நாயகன் ரான் பெர்ல்மேனுக்குப் படப்பிடிப்பின்போது 57 வயது. முதல் படத்துக்கே பெரிய நட்சத்திரம் வேண்டும் என்று ஸ்டுடியோக்கள் கேட்டபோது, இவர்தான் என்று டெல் டோரோ விடாப்பிடியாக நின்றார். சிவப்புச் சாயத்தையும் தாண்டித் தெரியும் அந்த முகச் சலிப்பை இளைஞர் ஒருவர் கொண்டுவந்திருக்க முடியாது.

வசூல்? சுமார் 8.5 கோடி டாலர் செலவு. உலகெங்கும் வரவு ஏறத்தாழ 16.8 கோடி. திரையரங்குகளின் பங்கும் விளம்பரச் செலவும் போனால் இது பெரிய லாபமில்லை. ஜூலை 11-இல் அமெரிக்காவில் வெளியானது. சரியாக ஒரு வாரத்தில் 'த டார்க் நைட்' வந்து அரங்குகளை அள்ளிக்கொண்டது. மூன்றாம் படம் நடக்காது என்று 2017-இல் டெல் டோரோவே அறிவித்தார். 2019-இல் வேறு இயக்குநர், வேறு நடிகருடன் கதை முதலிலிருந்து தொடங்கியது.

அதனால் ஒரு முடிச்சு அவிழாமலே போனது. சாகக் கிடக்கும் ஹெல்பாயைப் பிழைக்கவைத்தால் அவன் உலகை அழிப்பான் என்கிறது மரண தேவதை. தெரிந்தே, பிழைக்கவை என்கிறாள் காதலி லிஸ். அவள் வயிற்றில் அவன் குழந்தை. கடைசிக் காட்சியில், வேலையை உதறிவிட்டு ஒதுக்குப்புறமாக வாழலாம் என்று அவன் கனவு காண்கிறான். ஒன்றல்ல என்று லிஸ் இரண்டு விரல்களைக் காட்டுகிறாள். ஹெல்பாய் திகைத்து நிற்க, திரை இருள்கிறது.