22 கதவுகள்!

1974 மே மாசம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்கிற குட்டி ஊர். டீன் ஏஜ் பசங்க ரெண்டு பேர் தண்ணியைப் போட்டுவிட்டு ராத்திரி கிளம்பினார்கள். கார் டயரைக் கிழிப்பது, ஜன்னல் கண்ணாடியை உடைப்பது என்று கண்ணில் பட்டதையெல்லாம் நாசம் பண்ணினார்கள். ஒரே ராத்திரியில் 22 இடங்கள் காலி! யார் மேலும் பகை கிடையாது. சும்மா ஒரு கிக்குக்காக! மாட்டினார்கள். 'ஆமா, நாங்கதான்' என்று ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்து என்ன நடக்கும்? உங்களுக்கே தெரியும். ஜட்ஜ் ஃபைன் போடுவார், இல்லாவிட்டால் உள்ளே தள்ளுவார். சரி, டயர் கிழிஞ்சவர்? சாட்சி தேவைப்பட்டால் அவருக்கு சம்மன் வரும், அவ்வளவுதான். குற்றம் நடந்தது அவர் வாசலில். கேஸ் நடப்பதோ அரசாங்கத்துக்கும் குற்றவாளிக்கும் நடுவில்!

நன்னடத்தை அலுவலராக இருந்த மார்க் யான்ட்ஸிக்கு இது உறுத்தியது. இந்தப் பசங்களே பாதிக்கப்பட்டவர்களை நேரில் போய்ப் பார்த்தால் என்ன? பாதி விளையாட்டாகத்தான் பேச்சை எடுத்தார். கூட இருந்த டேவ் வொர்த் பிடித்துக்கொண்டார். நீதிபதி கார்டன் மெக்கானல் முதலில் பிடி கொடுக்கவில்லை. அப்புறம் தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு, போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்.

மார்க்கும் டேவும் கூடவே போனார்கள். ஆனால் நோட்டுப் புத்தகத்தோடு ஓரமாக நின்றதோடு சரி. கதவைத் தட்டி, 'அன்னிக்கு ராத்திரி இதைப் பண்ணினது நாங்கதான்' என்று சொல்ல வேண்டியது பசங்க!

கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. காலேஜில் பிரச்னை என்றால் பிரின்சிபாலுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுவோமே... 'இனி இவ்வாறு நடந்துகொள்ள மாட்டேன்' என்று. அதில் அடிபட்டவன் பெயர்கூட இருக்காது. அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் பார்க்கலாம், நாக்கு ஒட்டிக்கொள்ளும்!

கதவுக்கு உள்ளே இருப்பவருக்கு வேறு பிரச்னை. உடைந்த கண்ணாடியை மாற்றிவிடலாம். 'ஏன் என் வீடு? என்னைக் குறி வெச்சுப் பண்ணினாங்களா? திரும்ப வருவாங்களா?' என்ற பயத்தை எந்தக் கடையில் போய் மாற்றுவது? போலீஸாலும் வக்கீலாலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பதில் தெரிஞ்ச ஒரே ஆள், கல்லை எறிந்தவன்தான்.

மொத்த நஷ்டம் சுமார் 2,200 டாலர். அதில் பாதியை இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொண்டது. தலைக்கு 200 டாலர் அபராதம், 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு, மீதி நஷ்டத்தைக் கட்ட 550 டாலர் வரை என்று தீர்ப்பு. சில மாதங்களிலேயே அதே கதவுகளை மறுபடி தட்டி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்கள் பசங்க.

பாதிக்கப்பட்டவரையும் குற்றவாளியையும் உட்காரவைத்துப் பேசும் இந்த முறை, பக்கத்து நகரமான கிச்சனரில் தனித் திட்டமாகவே வளர்ந்தது. 'சீரமைப்பு நீதி' என்கிறார்கள். நியூஸிலாந்து 1989-ல் சிறார் வழக்குகளுக்குக் குடும்பங்களையும் கூட்டிவைத்துப் பேசுவதைச் சட்டமாகவே போட்டுவிட்டது.

உடனே 'அட, நம்ம ஊர் கட்டப் பஞ்சாயத்து!' என்று கிளம்பிடாதீங்க. அங்கே 'பேசித் தீர்த்துக்கலாம்' என்றால் பெரும்பாலும் எளியவன் வாயை மூடு என்று அர்த்தம். இங்கே பாதிக்கப்பட்டவர் 'நோ' என்றால் நோதான். வந்து உட்கார்ந்தாலும் மன்னித்தே ஆகணும் என்று கட்டாயம் இல்லை. ஆசை தீரத் திட்டிவிட்டும் போகலாம்! குற்றவாளி 'நான் செய்யவே இல்லை' என்று சாதித்தால் பேச்சே ஆரம்பிக்காது. அடித்த கணவனுக்கு எதிரே மனைவியை உட்காரவைப்பது போன்ற விஷயங்களில் ரொம்பவே உஷாராக இருக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பதே மிரட்டலாகிவிடலாம்.

அந்த ரெண்டு பேரில் ஒருவர் ரஸ் கெல்லி. கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து, நடுத்தர வயதில் கல்லூரியில் சேர்ந்து சட்டம், பாதுகாப்பு தொடர்பான படிப்பு படித்தார். ஒருநாள் வகுப்புக்கு வந்த சிறப்புப் பேச்சாளர், சீரமைப்பு நீதிக்கு உதாரணமாக 'எல்மைரா வழக்கு' என்று ஆரம்பிக்க, கெல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் பழைய ரகளை இப்படிப் பாடமாகிவிட்ட விஷயமே அதுவரை அவருக்குத் தெரியாது! பிறகு கிச்சனரில் அந்தத் திட்டத்தை நடத்தும் அமைப்பிலேயே தன்னார்வலராகச் சேர்ந்தார். மற்றவர்கள் இப்படி நேருக்கு நேர் உட்கார்ந்து பேச உதவுவது அவர் வேலையானது.