தொங்குபாலமும் கம்பிவடமும்

தொங்குபாலத்தில் செல்வோரின் உயிர் அதன் கம்பிவடத்தைச் சார்ந்தது. குஜராத்தில் மச்சு ஆற்றின் மீதிருந்த மோர்பி பாலம், நடைதளம் புதுப்பிக்கப்பெற்றுத் திறந்த நான்கே நாட்களில், 2022 அக்டோபர் 30ஆம் தேதி அறுந்து வீழ்ந்தது; 135 பேர் மாண்டனர். முதன்மை வடமொன்றின் 49 கம்பிகளில் 22 முன்னரே துருப்பிடித்திருந்ததைப் புலனாய்வுக் குழு கண்டறிந்தது. தளத்தைப் புதுப்பித்தல் மட்டும் காப்பாகாது என்பதை இதனின்று அறிகின்றோம்.

வடம் மண்ணில் ஊன்றப்படும் இடத்திலும் பிடிகளின் அடியிலும் நீர் தங்கித் துருவேறும். மழைக்காலத்திற்கு முன்னும் பின்னும் அவ்விடங்களைத் துலக்கி நோக்குதல் வேண்டும். தடித்த துணியால் வடத்தைச் சுற்றிப் பிடித்து மெல்ல இழுத்தால், அறுந்த கம்பிமுனையில் நூல் சிக்கும். சிக்கிய இடத்தையும் தேதியையும் பதிவேட்டில் குறித்துப் பொறியாளருக்கு உடனே அறிவித்தல் ஊராட்சியின் கடமை. அவர் சோதித்து ஒப்பும்வரை பாலத்தை அடைத்து வைப்போமாக. சுற்றுவழி நடக்கும் தொல்லை உயிரினும் பெரிதன்று.