மரவில் – ஒரு பொறியியல் பார்வை

(இயந்திரவியல், இரண்டாம் ஆண்டு)



வில் என்றதும் நமக்கு அர்ஜுனனும் ஏகலைவனும் நினைவுக்கு வருவார்கள். யார் குறி தவறாமல் எய்தார் என்ற கதை நமக்கு அத்துப்படி. ஆனால் ஒரே மரத்தில் செய்த இரண்டு வில், இரண்டையும் ஒரே பலத்தில் இழுக்கிறோம், ஒன்று அம்பை விர்ரென்று அனுப்புகிறது, இன்னொன்று சோம்பலாக அனுப்புகிறது என்றால் அது ஏன்? மந்திரம் எல்லாம் இல்லைங்க. பரீட்சைக்காக நாம் மனப்பாடம் செய்யும் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பாடத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வில் ஒரு ஸ்பிரிங்

நடுவில் பிடி. பிடிக்கு மேலே ஒரு தண்டு, கீழே ஒரு தண்டு. இரண்டு நுனிகளையும் இணைப்பது நாண். நாணை இழுக்கும்போது தண்டுகள் வளைந்து, நம் கையின் உழைப்பு மரத்துக்குள் ஸ்ட்ரெயின் எனர்ஜியாகச் சேமிக்கப்படுகிறது. விட்டதும் அது அம்புக்குப் போகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முழுதாக இழுக்க 200 நியூட்டன், அதாவது சுமார் 20 கிலோ விசை தேவை. நாண் பின்னால் வரும் தூரம் அரை மீட்டர். விசைக்கும் தூரத்துக்கும் கிராஃப் வரைந்தால் ஏறக்குறைய முக்கோணம் வரும். அதன் பரப்பு 50 ஜூல். அம்பின் எடை 30 கிராம். 50 ஜூலும் அம்புக்கே போனால் வேகம் விநாடிக்கு 57 மீட்டருக்கு மேல் இருக்கும். ஆனால் எந்த மரவில்லிலும் அப்படி நடப்பதில்லை. மீதி எங்கே போகிறது?

நுனியில் இருக்கிறது ரகசியம்

அம்பு மட்டுமா ஓடுகிறது? தண்டும் நாணும் சேர்ந்துதானே ஓடுகின்றன! அவற்றை ஓட வைக்கவும் எனர்ஜி செலவாகிறது. இதைச் சுலபமாகக் கணக்கிட ஒரு வழி உண்டு. வில்லோடு சேர்ந்து ஒரு 'கற்பனை எடை' அம்பின் மீது உட்கார்ந்து பயணம் செய்வதாக வைத்துக்கொள்ள வேண்டும். அது 16 கிராம் என்றால் 50 ஜூல் ஓட்ட வேண்டியது 46 கிராம். வேகம் விநாடிக்கு சுமார் 46.6 மீட்டர். அதையே 10 கிராமாகக் குறைத்தால் வேகம் 50 மீட்டர். நம் கையின் உழைப்பு ஒரு துளிகூடக் கூடவில்லை, அம்பு மட்டும் வேகமாகப் போகிறது.

கற்பனை எடையை எப்படிக் குறைப்பது? பிடியின் அருகில் உள்ள மரம் அதிகம் நகர்வதில்லை. நுனிதான் வேகமாக ஓடுகிறது. எனவே பிடியருகில் கொஞ்சம் மரம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. நுனியில் ஒவ்வொரு கிராமும் திருடன்தான். நாணும் அப்படியே. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அம்பின் எடையோடு சேர்ந்துவிடும்.

அகலமா, தடிமனா?

செவ்வக வெட்டுமுகத்துக்கு ஐ = பி டி க்யூப் பை 12. நமக்கு இது இரண்டு மார்க் கேள்வி. வில் செய்பவருக்கு இதுதான் உயிர். அகலத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு இரண்டு மடங்கு ஆகும். தடிமனை இரட்டிப்பாக்கினால் எட்டு மடங்கு. 15 மி.மீ. தடிமனில் 1 மி.மீ. சீவினால் போதும், அந்த இடத்தின் விறைப்பு சுமார் 19 சதவீதம் குறைந்துவிடும்.

சரி, பலமான வில் வேண்டுமென்றால் தடிமனாகச் செய்துவிடலாமா? கூடாது. ஒரே வளைவுக்குத் தடிமன் கூடக்கூட மேற்பரப்பில் ஸ்ட்ரெயின் கூடும். எய்பவர் முகத்தைப் பார்த்திருக்கும் பக்கத்தை வில்லின் வயிறு என்றும், எதிர்ப்பக்கத்தை முதுகு என்றும் சொல்வார்கள். வளையும்போது முதுகில் டென்ஷன், வயிற்றில் கம்ப்ரஷன். ரேகை வாக்கில் மரம் பொதுவாக டென்ஷனை நன்றாகத் தாங்கும். கம்ப்ரஷனில்தான் முதலில் நசுங்கும். வயிறு நசுங்கிய வில், நாணைக் கழற்றினாலும் முழுதாக நிமிராது. அப்புறம் அதில் சேரும் எனர்ஜியும் குறைந்துவிடும். ஆகவே சாதாரண மரம் என்றால் தடிமனைக் குறைத்து, அகலத்தைக் கூட்டி, தேவையான விறைப்பைப் பெற வேண்டும்.

லாரிக்கு அடியில் ஒரு வில்

தண்டில் பெண்டிங் மொமென்ட் நுனியில் பூஜ்யம், பிடியை நெருங்க நெருங்கக் கூடிக்கொண்டே வரும். அப்படியென்றால் ஒரே அகலமும் ஒரே தடிமனுமாகச் செய்த தண்டு பிடியருகில் தவியாய்த் தவிக்கும். நுனிப்பக்கம் வேலையில்லாமல் சும்மா கிடக்கும். வேலை செய்யாத மரம் வெறும் சுமை.

இதற்கு வழி, தடிமனை ஒரே சீராக வைத்து, பிடியருகில் அகலமாகவும் நுனிக்குப் போகப்போகக் குறுகலாகவும் முக்கோண வடிவில் செய்வது. அப்போது எல்லா இடத்திலும் ஸ்ட்ரெஸ் ஒன்றாக இருக்கும், வளைவும் வட்டத்தின் பகுதி போல் அழகாக வரும். நுனியும் தானாகவே லேசாகிவிடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! லாரியின் லீஃப் ஸ்பிரிங்கும் இதே தத்துவம்தான். ஒரு முக்கோணத் தகட்டைப் பட்டை பட்டையாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியதே அது.

முன்னோர் செய்த வில்கள்

1944ஆம் ஆண்டு டென்மார்க்கில் ஹோல்மகார்ட் என்ற இடத்துச் சதுப்பு நிலத்தில் எல்ம் மரத்தில் செய்த வில் கிடைத்தது. அதன் வயது ஏறக்குறைய 9,000 ஆண்டுகள். தண்டு அகலமாகத் தட்டையாக இருக்கிறது, நுனியோ குறுகலாக இருக்கிறது. இரும்பு உளிகூட இல்லாத காலத்தில் கல் ஆயுதத்தால் செதுக்கியது!

இங்கிலாந்தில் வேறு வழி. 1545இல் மூழ்கிய 'மேரி ரோஸ்' என்ற போர்க்கப்பலை 1982இல் வெளியே எடுத்தார்கள். அதில் 170க்கும் மேற்பட்ட யூ மர வில்கள் கிடைத்தன. பெரும்பாலானவை ஆள் உயரத்துக்கும் மேல், கிட்டத்தட்ட 2 மீட்டர் நீளம். இழுக்க 45 கிலோவிலிருந்து 80 கிலோவுக்கும் மேல் விசை தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவை குறுகலாகவும் தடிமனாகவும், வயிறு உருண்டையாகவும் இருப்பவை. இது எப்படித் தாங்கியது? யூ மரத்தின் வெளிப்பக்க வெள்ளை டென்ஷனை நன்றாகத் தாங்கும். உள்ளே உள்ள வைரம் கம்ப்ரஷனைத் தாங்கும். வெள்ளையை முதுகிலும் வைரத்தை வயிற்றிலும் வைத்து ஒரே கட்டையில் செதுக்கினார்கள். இயற்கையே செய்த காம்போசிட் என்று சொல்லலாம்.

1930களில் அமெரிக்க இயற்பியலாளர் ஹிக்மன் வில்லை அளந்து ஆராய்ந்து, தட்டையான செவ்வக வெட்டுமுகமே மரத்தை நன்றாக வேலை வாங்குகிறது என்று காட்டினார். ஹோல்மகார்டில் செதுக்கியவரின் கைக்கு அது முன்பே தெரிந்திருந்தது!

செய்முறை

முதலில் கட்டை. ரேகை ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை அறுபடாமல் ஓட வேண்டும். அதனால்தான் ரம்பத்தால் அறுப்பதைவிட ஆப்பு அடித்துப் பிளப்பது நல்லது. முதுகில் ஒரே வளர்ச்சி வளையம் வெட்டுப்படாமல் இருக்க வேண்டும். மரப்பட்டறையில் கூலி வேலை செய்யும் என் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "ரேகை வெட்டுப்பட்ட இடத்துல கட்டில் காலே நிக்காதுடா, வில்லு எப்படி நிக்கும்?" என்றார். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். என் புத்தகம் நாலு பக்கத்தில் சொல்வதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அடுத்து ஈரம். 8 முதல் 10 சதவீதம் வரை ஈரம் இருக்குமாறு மரத்தை உலர்த்த வேண்டும். ஈரம் கூடினால் வில் வளைந்தபடி நின்றுவிடும். ரொம்பக் காய்ந்தாலோ முறிந்துவிடும்.

கடைசியாக 'டில்லரிங்'. வில்லைச் சுவரில் படுக்கை வாக்கில் தாங்கி, நாணைக் கயிறும் கப்பியும் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, தூர நின்று வளைவைப் பார்ப்பார்கள். எங்கே விறைப்பாக நிற்கிறதோ அங்கே வயிற்றுப் பக்கம் அரத்தால் லேசாகச் சீவ வேண்டும். மடங்கினாற்போல் வளையும் இடத்தைத் தொடவே கூடாது. ஒவ்வொரு முறை சீவிய பிறகும் இருபது, முப்பது தடவை இழுத்து விட்டால்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். நினைத்த இழுவிசைக்கு மேல் ஒருபோதும் இழுக்கக் கூடாது. எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் இங்கே பொறுமைதான் பெரிய கருவி.

ஓர் எச்சரிக்கை: அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள். எனர்ஜி முழுதும் தண்டிலேயே பாய்ந்து வில் உடையும், ஆளுக்கும் அடிபடும்.

நண்பர்களே, நம்மில் பலருடைய வீட்டில் தச்சரோ, கொல்லரோ, லாரி மெக்கானிக்கோ இருப்பார்கள். அவர்கள் கையில் இருப்பதும் நம் நோட்டில் இருப்பதும் வேறு வேறு இல்லை. லீவில் ஊருக்குப் போகும்போது நோட்டையும் எடுத்துப் போய், அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு ஸ்பிரிங் பாலன்ஸ், ஒரு மீட்டர் ஸ்கேல், ஒரு கிராஃப் தாள் இருந்தால் வில்லின் எனர்ஜியை நாமே அளந்துவிடலாம். இறுதியாண்டு ப்ராஜெக்டாக இதைச் செய்ய எனக்கு ஆசை. சேர விருப்பமுள்ளவர்கள், எந்தப் பிரிவானாலும் சரி, மாலையில் கார்ப்பென்டரி ஷாப் பக்கம் வாருங்கள். பேசுவோம்.