சக்கர நாற்காலி ஏன் கனக்கிறது?

வாலிகண்டபுரம் பக்கம் மழைநாளில் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், காய்ந்தால் கெட்டிப்படும். முதலில் மாட்டிக்கொள்வது சிறிய முன்சக்கரம். பெரியதைவிட அதிகச் சுற்று சுற்றுவதால் தலைமுடியும் பருத்தி நூலும் அதன் அச்சில் இறுகிவிடும். வலி உருட்டுபவரின் தோளுக்கு.

வாரம் ஒருமுறை அந்த நூலைக் கத்தரித்து இழுத்துவிடுங்கள். சேற்றைக் காயவைத்து பிரஷ்ஷால் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். ஹோஸ் பைப்பால் பீய்ச்சவே கூடாது. தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்து கிரீஸைக் கெடுக்கும், துருவேற்றும். வெளியே வழிய எண்ணெய் விட்டாலோ புழுதி ஒட்டி, அரம்போல உலோகத்தைத் தேய்க்கும்.

பிரேக் நழுவுகிறதா? காற்றடிக்கும் டயர் என்றால் முதலில் காற்றைப் பாருங்கள். பெரும்பாலான நாற்காலிகளில் பிரேக் நேராக டயரைத்தான் அழுத்துகிறது. காற்று இறங்கினால் பிடிமானமும் போகும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு அடியுங்கள். சைக்கிள் கடையே போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் மெத்தை. தண்டுவடக் காயத்தால் உணர்விழந்தவருக்கு ஒரு மடிப்பு உறுத்துவதே தெரியாது; அழுத்தமும் ஈரமும் சேர்ந்து புண்ணாகும், ஆற மாதங்கள் பிடிக்கும். தினமும் கையால் தடவிப் பாருங்கள். கிழிந்திருந்தால் அன்றே மாற்றுங்கள்.