ஃபேரிங்குக்குள் இருக்கும் மீட்டர்

ஹீரோ ஹோண்டா 2003-இல் கொண்டுவந்த 223 சிசி கரிஷ்மாவில் ஹெட்லைட்டைத் தாங்கும் ஃபேரிங், வண்டியின் ஃபிரேமோடு பிணைந்தது. ஹேண்டில்பார் திரும்பினாலும் அது திரும்பாது. மீட்டர்கள் அதற்குள், வைசருக்குப் பின்னால் அமர்ந்திருக்கின்றன. சாதாரண பைக்கில் மீட்டரைக் கழற்றுவது சில நட்டுகளோடு முடிகிற வேலை; அதுவே இத்தகைய வண்டியில் முன்பகுதியையே பிரிக்கிற வேலையாகிறது.

திருவனந்தபுரத்தில் சாலை பஜாரை ஒட்டிய ஆரியசாலை போன்ற இடங்களில் பழைய வண்டிக்கு இந்த வேலை வருவது இயல்பு. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர், கடலும் பக்கத்தில். ரப்பர் தளர்ந்த மீட்டருக்குள் ஈரம் புகுந்து கண்ணாடி உள்ளே பனிக்கிறது, ஒயர்களை இணைக்கும் கப்ளரின் செம்பு முனைகள் பச்சை பூக்கின்றன. வேகமானி இருக்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-ஆவது விதி. பழுதை அப்படியே விட்டுவிடவும் முடியாது.

முள் அசையவில்லை என்பதற்காக உடனே மீட்டரைக் கழற்ற வேண்டியதில்லை. கேபிளில் ஓடும் பழைய வண்டிகளில் பெரும்பாலும் அறுந்திருப்பது அந்தக் கேபிள்தான். முன்சக்கரப் பக்கம் அதைக் கழற்றி, நடுக்கம்பியை விரலால் பிடித்து இழுத்தால், அறுந்த துண்டு கையோடு வந்துவிடும். அப்படியானால் புதுக் கேபிளோடு வேலை முடிந்தது. கம்பி முழுசாக இருந்து, சக்கரம் சுழலும்போது அதுவும் சுழன்றால்தான் சந்தேகம் மீட்டர் மேல் விழ வேண்டும். மீட்டருக்குள் கம்பி ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தம் தொடாமலே பக்கத்து அலுமினியக் கிண்ணத்தில் மின்சுழலை எழுப்பி அதைத் திருப்புகிறது. மெல்லிய சுருள்வில் எதிர்த்து இழுக்க, முள் நிற்குமிடம் வேகம். ஜெர்மானியர் ஒட்டோ ஷுல்ட்ஸே 1902-இல் காப்புரிமை பெற்ற முறை இது. பிற்காலத்து டிஜிட்டல் மீட்டர்களில் கேபிளுக்குப் பதில் சென்சார்.

கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை விடுவிக்க வேண்டும். பிறகு வைசர், கண்ணாடிகள், ஃபேரிங் ஸ்க்ரூக்கள். ஸ்க்ரூக்களின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். அட்டையில் ஃபேரிங்கின் உருவத்தை வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைப்பது நல்லது. நீளமானது தவறான துளையில் ஏறினால் பின்னாலிருக்கும் பிளாஸ்டிக்கைப் பிளந்துவிடும். வெயிலில் பல வருடம் நின்ற பிளாஸ்டிக் வளையாது, உடையும். பெரும்பாலான சேதம் மீட்டரில் அல்ல, இந்தக் கட்டத்தில்தான் நேர்கிறது. ஃபேரிங் வர மறுத்தால் இன்னும் ஒரு ஸ்க்ரூ எங்கோ இருக்கிறது என்று பொருள். பலத்தைக் கூட்டாமல் அதைத் தேட வேண்டும்.

ஹெட்லைட், இண்டிகேட்டர் கப்ளர்களைப் பூட்டை அழுத்திப் பிரித்து ஃபேரிங்கை எடுத்தால் மீட்டரின் பின்பக்கம் தெரியும். கேபிளின் வளையத்தைத் தளர்த்தி, கப்ளரை ஒயரைப் பிடித்து இழுக்காமல் கழற்றி, தாங்கியின் நட்டுகளை எடுத்தால் மீட்டர் கைக்கு வரும். அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் கீழே விழுந்து தொலையாமல் பார்க்க வேண்டும். சில பழைய மீட்டர்களில் முள்ளின் நடுக்கத்தை அடக்க எண்ணெய் இருக்கும். கவிழ்த்து வைத்தால் அது முகப்பில் கசியும், ஆகவே நிமிர்த்தியே வைப்பது பாதுகாப்பு.

திரும்ப மாட்டும்போது கேபிள் எங்கும் மடங்காமல் செல்ல வேண்டும். மடங்கிய இடத்தில்தான் மறுபடி அறுகிறது. ஃபேரிங்கை முழுதாக முடுக்கும் முன் பேட்டரியை இணைத்து, மீட்டர் விளக்கு, நியூட்ரல் விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் எரிகின்றனவா, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பினால் கேபிளும் ஒயரும் இழுபடுகின்றனவா என்று பார்த்துவிட்டே கடைசி ஸ்க்ரூக்களை ஏற்ற வேண்டும்.